மூன்று தலைமுறைக்குப் பாடம் சொன்ன ஆசிரியை

இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் செலவைக் குறைக்க வேண்டி வரும்போது, முதலில் நின்றுபோவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் படிப்புத்தான். தண்ணீர் அள்ள, சின்னவர்களைப் பார்க்க, தாய் கூலிக்குப் போனால் உலை வைக்க அவள் வேண்டியிருக்கிறாள். ‘பிறகு படிக்கலாம்’ என்கிறோம். இது எமக்குள் இன்று தோன்றிய எண்ணமல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வீடுகளிலும் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு விட மனம் வரவில்லை. அம்மனத்தை மாற்றிய பாடசாலை ஒன்றின் ஆரம்ப நாட்களை இங்கு நினைவுகூருகிறோம்.

உடுவில், செம்மண் நிலத்தில் கிணற்று நீர் இறைத்துத் தோட்டம் செய்யும் ஊர். அங்கே 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பையன்களைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரும் பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கினர். எழுத்து அவளுக்கு எதற்கு என்பது ஒரு கேள்வி. அந்நியர் வீட்டில் உண்டால் சாதி என்னாவது, பிறகு யார் கட்டுவார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

மிசனார் இக்கேள்விகளைத் தட்டிக் கழிக்கவில்லை. உணவும் உடையும் கொடுத்தார்கள். படிப்பை இடையில் விடாது, திருமணம் வரை தங்கும் பிள்ளைக்குச் சீதனமும் கொடுத்தார்கள். சீதனம் நல்ல வழக்கமா என்பது வேறு விடயம். ஆனால் பெற்றோரின் பயம் எங்கே இருந்ததோ அங்கேயே அதற்கு விடை தேடினார்கள். வின்ஸ்லோ அம்மையார் 1833இல், தமது 36ஆவது வயதில் காலமானார். பின்னர் ஸ்போல்டிங் தம்பதியர் பாடசாலையைத் தாங்கினர்.

1840இல் எலைசா அக்னியூ என்ற ஆசிரியை உடுவிலுக்கு வந்தார். தாம் எப்படி இங்கு வந்தார் என்பதை அவர் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். நியூயோர்க்கில் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியர் உலகப் படத்தைக் காட்டினாராம். அன்றே இத்தொண்டு செய்ய வேண்டுமென்று மனதில் எண்ணிக்கொண்டார். ஆயினும் தம்மை நம்பியிருந்த உறவினரை அவர்களது காலம் முடியும்வரை பராமரித்து, முப்பது வயது கடந்த பின்னரே கப்பலேறினார். ஒரு தடவையேனும் ஊர் திரும்பவில்லை.

1879இல் ஓய்வுபெறும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உடுவிலிலேயே கற்பித்தார். விடுமுறையில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குச் சென்று அவர்களின் சுகதுக்கங்களை விசாரிப்பார். அவரிடம் படித்தோர் ஆயிரத்துக்கும் அதிகம். தம் முதல் மாணவிகளின் மகள்மாரையும், பின்னர் பேர்த்திமாரையும் அவரே கற்பித்தார். 1883இல் மானிப்பாயில் காலமானார்.

இந்த வரலாற்றில் எமக்குப் பெரிதாகத் தெரிவது இதுவே. முதல் தலைமுறையில் பெற்றோரைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. படித்த பெண் தாயானபோது, தன் மகளைத் தானே கைபிடித்துக் கொண்டுவந்து விட்டாள். ஒரு பிள்ளையின் படிப்பு அவளோடு நின்றுவிடுவதில்லை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது உடுவில் மக்களும் வீடு, தோட்டம், கிணறு எல்லாவற்றையும் விட்டே நடந்தனர். எடுத்துச் செல்ல முடிந்தது கொஞ்சம். கற்றது அதில் ஒன்று. அப்பாடசாலை இன்றும் உடுவில் மகளிர் கல்லூரி என்ற பெயரில் நடைபெறுகின்றது.

ஆகவே மகளை மறிக்குமுன் காரணத்தைத் தனியே எடுத்துப் பார்ப்போம். சின்னவரைப் பார்க்க ஆளில்லை என்றால், நாலு வீட்டார் முறைவைத்துப் பார்க்கலாம். பாதை பயமென்றால், பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பி, ஒரு பெரியவர் துணை போகலாம். கொப்பி இல்லையென்றால், வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லலாம். காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீரக்கூடியவை. விடுபட்ட வகுப்புக்கு அவளைத் திரும்ப அனுப்புவதே கடினம்.