அடாப்டரின் 12 வோல்ட்டை எப்போது நம்பலாம்?

மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஒரு சின்ன கருவி செய்துகொண்டிருக்கிறேன். ஓர் இஎஸ்பி 8266 போர்டு, ஒரு ரிலே, தண்ணீரைத் திறக்க 12 வோல்ட் சொலினாய்டு வால்வு. பவருக்கு, பழைய ரவுட்டரோடு வந்த 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். நான்கு நாள் வெளியூர் போகும்போது இது நின்றால், படூரின் கத்திரி வெயிலில் செடி ஒன்றும் மிஞ்சாது. அதனால் முதல் வேலை, அடாப்டரைச் சோதிப்பது.

முதலில் லேபிளைப் படியுங்க. வோல்ட்டுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி. அலை மாதிரி இருந்தால் ஏசி. அது இந்த வேலைக்கு ஆகாது. பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்பதற்கும் ஒரு படம் இருக்கும்.

மல்டிமீட்டரில் சிவப்பு ஒயர் வோல்ட்-ஓம் துளையில் இருக்கணும். டயல் டிசி 20-ல். சிவப்பு முனை பின்னின் உள்ளே, கறுப்பு முனை வெளி உலோகத்தில். மைனஸ் குறியோடு எண் வந்தால் நடுப்பகுதி மைனஸ் என்று அர்த்தம். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி இப்படித் தொடவே கூடாது. அது அடாப்டரை ஷார்ட் பண்ணுவதற்குச் சமம். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸும் கிடையாது.

மீட்டர் 12.1 காட்டுகிறது. சரி, வேலை முடிந்ததா? இல்லை. மலிவு மீட்டரின் உள்மின்தடை சுமார் 1 மெகாஓம். அப்படியென்றால் அது அடாப்டரிடம் கேட்டது வெறும் 12 மைக்ரோஆம்பியர். வால்வு கேட்கப்போவது சில நூறு மில்லியாம்பியர். உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துபோன அடாப்டரும் சும்மா இருக்கும்போது 12.1 காட்டும், வால்வு திறந்ததும் படுத்துவிடும், போர்டு ரீசெட் ஆகும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டர், லோடு இல்லாதபோது 16, 17 வோல்ட்கூடக் காட்டலாம். அது பழுது இல்லை. ரெகுலேட்டர் இல்லாததால் அப்படித்தான் காட்டும்.

ஆக, லோடு கொடுத்துத்தான் அளக்கணும். ரிச்சி தெருவில் 27 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்குங்க. ஒன்றை மாட்டினால் 0.44 ஆம்பியர் ஓடும். இரண்டையும் பேரலலாக மாட்டினால் 0.89. ஒவ்வொன்றிலும் 5 வாட்டுக்கு மேல் சூடாகும் என்பதால் டைல்ஸ் மேல் வையுங்க, கையால் தொடாதீங்க. பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பும் லோடுதான். ஆனால் குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நல்ல அடாப்டரே தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியலாம். அதைப் பார்த்து அடாப்டர் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

லோடு மாட்டியதும் ஒரு ரீடிங், பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. நான் வைத்திருக்கும் கணக்கு 5 சதவீதம்: 11.4-க்குக் கீழே இறங்கினாலோ, ரீடிங் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனாலோ அந்த அடாப்டர் வேண்டாம்.

மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அது எண்ணை மாற்றும். வைஃபை அனுப்பும்போது மில்லிநொடிகளுக்கு வந்துபோகும் சரிவு அதில் தெரியாது. அதற்காகத்தான் போர்டின் 5 வோல்ட் பக்கம் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுகிறோம்.

தேறாத அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுடுங்க. ஸ்விட்சிங் அடாப்டருக்குள் 230 வோல்ட் ஏசி, சுமார் 325 வோல்ட் டிசியாக கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் இருக்கலாம். தேறியதன் முதுகில் லோடு ரீடிங்கையும் தேதியையும் மார்க்கரில் எழுதி வையுங்க. அடுத்த வருஷம் அதே ரெசிஸ்டரை மாட்டி அளந்தால், அடாப்டருக்கு எவ்வளவு வயசாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.