தும்பிக்கை லை

என் டிரங்குப் பெட்டியில் ஏழு ஈய எழுத்துகள் இருக்கின்றன. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எல்லாம் 12 பாயிண்ட். மூன்று, வால் சுழித்த பழைய ணா, றா, னா. மற்ற நான்கும் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை. இன்றைய இளைஞர்கள் இவற்றைத் தாத்தா வீட்டுப் புத்தகங்களில் பார்த்திருப்பார்கள். நான் இவற்றைக் கையால் எடுத்துக் கோத்தவன்.

1973-ல், பதினாறு வயதில், திருச்சியில் ஓர் அச்சகத்தில் கம்போசிங் வேலைக்குச் சேர்ந்தேன். இடக்கையில் எழுத்துகளைக் கோக்கும் ஸ்டிக், எதிரே சாய்வாக நிற்கும் கேஸ். கேஸ் என்றால் சிறு சிறு அறைகளாகத் தடுத்த மரத்தட்டு. ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்து. தமிழில் 'கு, கூ' வரிசைகளுக்குப் பொதுவான குறி கிடையாது. பதினெட்டு மெய்யும் ஒவ்வொரு விதமாக உருமாறும். அந்த வரிசைகளுக்கு மட்டுமே 36 அறைகள் வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கும் மேல். எது எங்கே இருக்கிறது என்பது கைக்குப் பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஸ்டிக்கில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டு, தலைகீழாக நிற்கும். அப்படியே வாசிக்கப் பழகிவிட்டால் நேரான எழுத்தும் புரண்ட எழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகிவிடும்.

மாற்றம் நல்லதா என்று என் பேத்தியின் பள்ளியில் பேச்சுப்போட்டி வைத்தார்கள். "நீங்க என்ன தாத்தா சொல்வீங்க?" என்று கேட்டாள். என் தொழிலில் மூன்று மாற்றங்களைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் அதைத்தான் சொன்னேன்.

முதலாவது, எழுத்துச் சீர்திருத்தம். 1978 அக்டோபரில், பெரியாரின் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே காலையும் அதே ஐகாரக் குறியையும் இவற்றுக்கும் போட்டால் போதும். கணக்கில் பதிமூன்று என்றாலும் கேஸில் காலியானவை ஏழு அறைகள்தாம். ஏனென்றால் பழைய ணொ-வுக்குத் தனி அச்சு கிடையாது. கொம்பையும் சுழித்த ணா-வையும் சேர்த்துத்தான் வைப்போம். அந்த ஏழும்தான் என் தீப்பெட்டியில் இருப்பவை.

ஆணை வந்த அன்று ஃபோர்மேன் எங்களை அழைத்துச் சொன்னார். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. யாருக்கும் வேலை போகவில்லை. அது அவ்வளவு சுலபமாக நடந்ததற்குக் காரணம் உண்டு. பெரியார் இந்தப் புதிய எழுத்துகளைக் 'குடி அரசு' இதழில் 1935-லேயே அச்சிடத் தொடங்கிவிட்டார். அரசாணை வருவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு பகுதிக் கண்களுக்கு அவை பழகியிருந்தன. அவர் ஐ-க்குப் பதில் 'அய்', ஔ-க்குப் பதில் 'அவ்' என்றும் எழுதினார். அரசு அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. ஆணைக்குப் பிறகும் யாரும் பழைய அச்சுகளைத் தூக்கி எறியவில்லை. தேயும்வரை ஓட்டினோம். தேய்ந்ததை உருக்கிப் புதிதாக வார்த்தபோது புதிய லை வந்தது. எண்பதுகளில் அச்சான பல புத்தகங்களில் தும்பிக்கையைப் பார்க்கலாம்.

என் மகள் 1983-ல் பிறந்தவள். பள்ளியில் புதிய எழுத்து மட்டுமே படித்தாள். ஒருநாள் என் அப்பா வைத்திருந்த பழைய கதைப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்ன எழுத்துப்பா, யானை மாதிரி?" என்றாள். "அது 'லை'ம்மா" என்றேன். அவ்வளவுதான், அன்று சாயங்காலத்துக்குள் முழுப்புத்தகத்தையும் படித்துவிட்டாள். அந்த மாற்றம் தன் பின்னால் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் பதிப்பித்த சீவக சிந்தாமணியின் முதல் பதிப்பை இன்று கையில் கொடுத்தாலும் பள்ளிப்பிள்ளை எழுத்துக்கூட்டிவிடும்.

நம் எழுத்து ஒருபோதும் அசையாமல் நின்றதில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். குறில் எ-வா நெடில் ஏ-வா என்று வாசிப்பவரே ஊகிக்க வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்ததுதான் இரட்டைச்சுழிக் கொம்பு. நாம் இன்று ஆதியிலிருந்தே இருந்ததாக நினைக்கும் 'கே' அவர் கைபட்டது.

இரண்டாவது மாற்றம் கம்ப்யூட்டர். எங்கள் அச்சகத்துக்கு அது 1993-ல் வந்தது. ஆள் புழங்காத ஒரு சிறு அறையில் ஏ.சி. போட்டு வைத்தார்கள். டைப்ரைட்டிங் படித்த ஒரு பெண்பிள்ளை, இருபது வயதிருக்கும், அதில் உட்கார்ந்தாள். நாங்கள் எட்டுப்பேர் ஒரு நாளில் கோத்ததை அவள் மத்தியானத்துக்குள் அடித்து முடித்தாள்.

அதில் வந்த நன்மையை மறைக்க எனக்கு மனம் இல்லை. எங்களிடம் இருந்த எழுத்து ஒரு பாரம், மிஞ்சிப்போனால் இரண்டு பாரத்துக்குத்தான் காணும். பாரம் என்பது 16 பக்கம். அச்சடித்ததும் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாக மறுபடி அதனதன் அறையில் போட வேண்டும். ஆகவே மறுபதிப்பு என்றால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி கோப்பதுதான். எத்தனையோ நல்ல புத்தகங்கள் இரண்டாம் முறை வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் கவிதைகளை இருநூறு படி போட்டுக்கொள்கிறார். ஈயக் காலத்தில் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

ஈயத்தின் இன்னொரு பக்கமும் உண்டு. எங்களோடு வேலை செய்த ஒருவருக்கு ஓயாத வயிற்றுவலி. மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஈறு ஓரத்தில் நீலக்கோடு. ஈயம் உடம்பில் ஏறியதற்கு அது அடையாளம் என்றார். கழுவாத கையோடு வாழைப்பழம் தின்றவர்கள் நாங்கள். அந்தக் கறுத்த தூசு இப்போது எந்தப் பையன் நகத்திலும் இல்லை. அதற்காக மட்டுமே அந்த இயந்திரத்தைக் கும்பிடலாம்.

ஆனால் எட்டுப்பேரில் ஆறு பேரை அந்தப் பொங்கலுக்குள் கணக்கு முடித்து அனுப்பினார்கள். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு 43 ஆண்டுகள் கிடைத்தன. இவர்களுக்கு 43 நாள்கூடக் கிடைக்கவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

நான் தப்பித்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான். புரூப் திருத்த என்னை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள், "அண்ணே, இந்தப் பக்கம் பாக்க நல்லாவே இல்ல. என்னன்னு தெரியலை" என்றாள். பார்த்தேன். ஒரு வரியின் முடிவில் கொம்பு தனியாக நிற்கிறது. அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விட்டது. இன்னொரு வரி புள்ளிவைத்த மெய்யில் தொடங்குகிறது. "மெய்யெழுத்து வரியைத் தொடங்கக் கூடாதும்மா. 'கொண்டிருக்' வரைக்கும் மேல வை, 'கிறார்கள்' கீழ வரட்டும்" என்றேன். அந்த மென்பொருளுக்கு அது தெரியாது. அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எனக்கு விசைப்பலகை சொல்லிக்கொடுத்தாள். நான் அவளுக்குப் பக்கம் கட்டச் சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஆறு பேருக்கும் இதே விஷயம் தெரியும். இருபது வருஷ அனுபவம். ஒவ்வொருவருக்கும் ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் கிடைத்திருந்தால் போதும்.

அந்த அவசரம் இன்னொரு நஷ்டத்தையும் வைத்துவிட்டுப் போனது. அப்போது ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு குறியீடு. ஓர் அச்சகத்தில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாக வரும். 1999-ல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூடி, அதன்பின் அரசு பொதுக் குறியீட்டையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. பிறகு யூனிகோடு பரவியது. அதற்கு முன்பு ஃபிளாப்பியில் சேர்த்துவைத்த பக்கங்கள் பல, திறக்க வழியில்லாமல் பரணில் கிடக்கின்றன. அவற்றில் நான் திருத்திய நாவல் ஒன்றும் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டுப் புத்தகம் வாசிக்கக் கிடைக்கிறது, 1995-ல் அடித்த பக்கம் கிடைக்கவில்லை. இது என்னை இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது, வராமல் போன மாற்றம். 'கு, கூ' வரிசைகளுக்கும் பொதுக்குறி வைத்து எழுத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று கல்வியாளர் வா.செ.குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார். குழந்தைகள் சுலபமாகக் கற்பார்கள் என்பது அவர் எண்ணம். கேஸின் முன் நின்ற நாட்களில் அது வந்திருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். 36 அறைகள் மிச்சம். இப்போது எதிர்க்கிறேன். இன்று 'கு' அடிக்க இரண்டு விசை போதும், உருவத்தை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. தேவை போய்விட்டது. செலவு மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய புத்தகம் முழுவதும் பேத்திக்கு அந்நியமாகிவிடும். ஏழு அச்சுகளை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள் அவள் அம்மா. முப்பத்தாறு உருவம் அப்படியல்ல.

பேத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்த ஆறு பேரும் என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். பேச்சுப்போட்டிக்கு அது தேவைப்படாது, ஆனாலும் கேட்டாள்.

இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் டீக்கடை வைத்து நன்றாகவே இருக்கிறார். இருவர் ஊருக்கே திரும்பிப்போனார்கள், தகவல் இல்லை. ஆறாமவன் என் நண்பன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருக்கிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். வருகிறவர்கள் பெயர் எழுத மேசையில் ஒரு நோட்டு. எழுதுகிறவர் பக்கமாகத் திரும்பி இருக்கும். ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிரில் நின்ற இவன், "சார், 'பழனி'க்குச் சிறப்பு 'ழ' போடுங்க" என்றான். நோட்டை அவன் தன் பக்கம் திருப்பவே இல்லை.