ஏழு மாதம் எங்கே போயிருந்தன?

மாலி நாட்டின் தியரோலா கிராமத்தில் மழை ஓய்ந்தால் குட்டைகள் வற்றி மண் வெடித்துவிடும். அடுத்த மழைக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். கொசுப் புழு வளரத் தண்ணீர் வேண்டும்; வளர்ந்த கொசுவோ ஒரு மாதம் தாண்டினாலே ஆயுசு கெட்டி. கணக்குப்படி அங்கே கொசு பூண்டோடு அற்றுப்போயிருக்க வேண்டும். ஆனால் முதல் மழை விழுந்த சில நாள்களில், முட்டை பொரிந்து புழு கொசுவாக மாற அவகாசமே இல்லாத நேரத்தில், மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் வீடுகளுக்குள் பெருகிவிடுகிறது.

தியரோலா அடங்கிய வறண்ட சாகேல் பகுதியின் இந்தப் புதிருக்கு இரண்டு விடைகள்தான் சாத்தியம். ஒன்று, கொசுக்கள் எங்கோ பதுங்கிக் கோடை உறக்கம் போட்டிருக்க வேண்டும். இல்லையேல் வெளியூரிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தியரோலாவில் ஆயிரக்கணக்கான கொசுக்களுக்கு அடையாளமிட்டுப் பறக்கவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து அவற்றில் ஒரே ஒரு பெண் கொசு மறுபடி சிக்கியது. 2010-இல் வெளியான அந்தச் செய்தியில் ஒற்றைக் கொசுதான் சாட்சி என்றாலும், அந்த ஒன்று உயிரோடு இருந்ததே!

அடுத்து மரபியல் வந்தது. அங்குள்ள அனாஃபிலஸ் கொலுசியும் அனாஃபிலஸ் காம்பியேவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், டி.என்.ஏ. சோதனைதான் பிரித்துக் காட்டும். 2013 வரை இரண்டும் ஒரே இனமாகவே எண்ணப்பட்டன. டாவோ, லேமன் ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் 2014-இல் இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் தெளிந்தது. மழை வந்ததும் துள்ளி எழுவது கொலுசி. காம்பியே தலைகாட்ட மேலும் சுமார் இரண்டு மாதம் ஆகிறது. முன்னது தூங்கும் ரகம், பின்னது ஊர்மாறும் ரகம் என்று முடிவு கட்டினார்கள்.

கொசுக்கள் அந்த முடிவைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஹீலியம் பலூனில் ஒட்டும் வலைகளைக் கட்டி, 40 முதல் 290 மீட்டர் உயரத்தில் இரவெல்லாம் மிதக்கவிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. வலையில் 235 அனாஃபிலஸ் கொசுக்கள். பத்தில் எட்டுக்கு மேல் பெண்கள். அவற்றிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே இரத்தம் குடித்தவை. காற்றோடு போனால் ஓர் இரவில் 300 கிலோமீட்டர் வரை கடக்கலாம் என்றது கணக்கு. வேடிக்கை என்னவென்றால், தூங்கும் ரகம் என்று பெயரெடுத்த கொலுசி அதில் 23. ஊர்மாறும் ரகமான காம்பியே ஒன்றே ஒன்று!

அப்படியானால் தூக்கம் பொய்யா? புழுக்கள் வளரும் தண்ணீரில் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தைக் கலந்து, கொசுவின் உடம்பிலேயே முத்திரை பதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: வறட்சி கடந்து வந்த கொலுசிகளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு உள்ளூரிலேயே உறங்கியவை. என் பார்வையில், தூக்கமா பயணமா என்று கேட்டதுதான் பிழை. ஒரே இனம் இரண்டையும் செய்கிறது.

இது வெறும் கொசு ஆராய்ச்சி அல்ல. காற்றேறும் பெண் கொசு தன் மரபணுக்களையும் கூடவே கொண்டுபோகிறது. அவற்றில் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் இருக்கலாம். 8 ஆப்பிரிக்க நாடுகளில் பிடித்த 765 கொசுக்களின் மரபணுத் தொகுதியைப் படித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், அத்தகைய மரபணுக்கள் நாட்டு எல்லைகளைத் தாண்டிப் பரவிய தடம் தெரிந்தது. ஒரு கிராமத்தில் மட்டும் மருந்தடித்து ஓய்ந்துவிட முடியாது.

உறங்கும் கொசுக்களை வறட்சியிலேயே தேடி அழித்தால் என்ன என்று தோன்றும். அதற்கு முதலில் அவை படுத்திருக்கும் இடம் தெரிய வேண்டுமே! கரையான் புற்றா, எலி வளையா, கிணற்று இடுக்கா? முத்திரையிட்ட கொசுக்கள் திரும்பி வந்தன. படுத்திருந்த இடத்தை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை.