முறையீடும் விசுவாசம்தான்

வேளாங்கண்ணியில் இருப்பவள் ஆரோக்கிய மாதா, தூத்துக்குடியில் பனிமய மாதா. மதுரை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலோ வியாகுல மாதாவுக்கு உரியது. சிலுவையில் மகன் தொங்கும்போது அவன் காலடியில் செய்வதறியாது நின்ற தாய் அவள். கீழவெளி வீதியில் உயர்ந்து நிற்கும் அந்தக் கோயிலை ஊர் மரியன்னைப் பேராலயம் என்று அழைப்பதால், அதற்குள் இருப்பது துக்கத்தின் பெயர் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. அதே வீதியில்தான் அமெரிக்க மிஷன் வழியாக வந்த கிறிஸ்தவ மிஷன் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கோயில் கத்தோலிக்கருடையது, ஆஸ்பத்திரி சீர்திருத்தச் சபையாருடையது. இரண்டு மரபுகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல்தான் வளர்ந்தன. ஆனாலும் ஒரு கேள்விக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கஷ்ட காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் ஒருவரைத் தாங்குகிறது என்றால், எதனால் தாங்குகிறது? துன்பத்துக்குக் காரணம் சொல்வதாலா, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பதாலா? இந்த வட்டாரத்தின் நானூறு ஆண்டு வரலாறு வேறொரு பதிலைச் சொல்வதாக எனக்குப் படுகிறது. விசுவாசம் இங்கே நிலைத்தது, கடவுளிடமே முறையிட இடம் கொடுத்தபோதும், அந்த முறையீட்டைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரைச் சும்மா இருக்கவிடாதபோதும்தான். இவற்றில் ஒன்று தவறிய இடத்தில் அது வெறும் சமாதானப் பேச்சாகிவிட்டது.

முதலில் வேதத்தையே எடுத்துக்கொள்வோம். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீட்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிந்துபோகிறது. அதை யாரும் தொகுப்பிலிருந்து நீக்கவில்லை. யோபுவின் கதை இன்னும் கூர்மையானது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த மனிதனிடம் மூன்று நண்பர்கள் வந்து, நீ ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று விதவிதமாக விளக்குகிறார்கள். முடிவில் கடவுளின் கோபம் பாய்வது விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல். வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது. தமிழ் மண்ணுக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. கண் பார்வை போன சுந்தரர், காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொன்றும் திரும்ப வரும்வரை சிவனிடம் சண்டை போட்டுக்கொண்டேதான் நடந்தார் என்கிறது சைவ மரபு. சேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் அன்னை அழுங்கல் அந்தாதியையும் எழுதினார். மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலம் வந்தால் வியாகுலப் புலம்பல்களும் பாஸ்கா நாடகங்களும் ஒப்பாரிக்கு உறவான குரலில் ஒலிப்பதும் இதன் தொடர்ச்சியே. அழுகையைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொண்ட மதம் இந்த ஊர்களில் வேர்பிடித்ததில் வியப்பில்லை.

அந்த வேர் எவ்வளவு ஆழமானது என்று சோதித்த காலமும் உண்டு. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து வளர்ந்த மதுரை மிஷன், சேசு சபையின் உழைப்பையே நம்பியிருந்தது. 1759இல் போர்த்துகீசிய அரசு சேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773இல் பாப்பரசரே சபையைக் கலைத்துவிட்டார். அவர்கள் மதுரைக்குத் திரும்பியது 1830களின் கடைசியில். இடைப்பட்ட காலத்தில் கோவாவிலிருந்து வந்த குருக்களும் வேறு சிலரும் ஊர் ஊராகச் சுற்றினாலும், ஆண்டுக் கணக்கில் பூசை காணாத கிராமங்கள் இருந்தன. போருக்கும் பாளையக்காரர் ஒடுக்கத்துக்கும் பஞ்சத்துக்கும் நடுவில் கழிந்த நீண்ட காலம் அது. அத்தனையிலும் விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் உபதேசியார்களும் கோயில்பிள்ளைகளும், மனப்பாடமாக ஜெபம் சொன்ன வீட்டுப் பெண்களும்தான். உபதேசியார்களுக்கென்று வீரமாமுனிவர் 1727இல் எழுதிவைத்த வேதியர் ஒழுக்கம், இப்படி ஒரு காலம் வரும் என்று தெரிந்தே எழுதியது போலிருக்கிறது. சாமியார் வராவிட்டாலும் சாவு வீட்டுக்கு ஆள் வந்தது, அடக்கத்துக்கு ஜெபம் சொல்லக் குரல் இருந்தது. துன்பத்துக்கு விளக்கம் சொல்லக்கூடிய படித்த குரு அங்கே இல்லை. ஆனாலும் விசுவாசம் சாகவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராக உடனே எழும் குரல் தெரிந்ததுதான்: கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு. இதை மழுப்ப முடியாது. 1876இல் மழை பொய்த்து வந்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பஞ்சம் பாதித்த பகுதிகள் முழுவதிலும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓர் அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியை வெட்டினார். அது சாகடிக்கும் கூலி என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடியும் டெம்பிளின் கொள்கை உடனே அசையவில்லை. அந்த ஆண்டுகளில் திருநெல்வேலியில் மிஷனரிகளான கால்டுவெல், சார்ஜென்ட் ஆகியோரின் சபைகளில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். மதுரைப் பக்கத்து மிஷன்களிலும் சேர்க்கை கூடியது. பசிதான் அவர்களைக் கூட்டிவந்தது. பஞ்சம் தீர்ந்ததும் ஒரு பகுதியினர் திரும்பியும் போனார்கள். ஆனால் பசித்தவன் எந்த வாசலைத் தட்டினான் என்பதை வைத்து அவன் நம்பிக்கையை அளப்பது, வயிறு நிறைந்தவர்களின் அளவுகோல். அந்த வாசல் மட்டுமே திறந்திருந்ததா என்றால் அதுவும் இல்லை. குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றியதை மதுரை இன்றும் சொல்கிறது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை என்ற கத்தோலிக்கர் கைப்பொருளை அள்ளிக் கொடுக்க, சைவரான கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து பாடினார். மதம் மாறச் சொல்லாத கஞ்சியும் கிடைத்தது என்பதற்கு இவை சாட்சி. திரும்பிப் போக வழி இருந்தும் தங்கிவிட்டவர்கள் எதற்காகத் தங்கினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பள்ளிக்கூடம், ஒருவிதப் பாதுகாப்பு, பண்ணையாருக்கு எதிரே துணை நிற்க ஒரு ஆள் என்று பட்டியல் போடலாம். அது லாபக் கணக்கு என்றால், பெயர் சொல்லி விசாரிக்க ஆள் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

லாபக் கணக்கு மட்டுமே என்பவர்கள் 1950க்குப் பிறகு நடந்ததையும் விளக்க வேண்டும். அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர்களைப் பட்டியல் சாதிச் சலுகையிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளிக்கு அரசின் இலவசப் பெட்டிக்கடை கிடைக்காமல் போன வழக்கில், 1985இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அதாவது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலித் கிறிஸ்தவராக இருப்பது இங்கே நஷ்டக் கணக்கு. சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் இன்னொரு மதம் என்று வாழ்பவர்கள் உண்டுதான். அவர்களைக் குறை சொல்பவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் ஏன் விடவில்லை என்பதையும் யோசிக்கலாம்.

இன்னொரு எதிர்வாதம் மருத்துவத்திலிருந்து வருகிறது. எனக்கு அதுவே கடினமானது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் உடனிருந்தவர்களும் 55 வயதைக் கடந்த 596 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டார், அவருக்கு என்மேல் அன்பு இல்லை என்று எண்ணிப் புழுங்கியவர்கள், இரண்டு ஆண்டுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அதில் தெரிந்தது. அப்படியானால் முறையீடு ஆபத்தானது, நல்லதையே நினை என்று போதிப்பவர்கள் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடாதா? ஆகாது என்றே நினைக்கிறேன். அதே குழுவினர் பின்னர் செய்த ஆய்வில், அந்தப் புழுக்கம் வந்து போனவர்களைவிட அதிலேயே ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. தனியே கட்டிலில் படுத்துக்கொண்டு கைவிடப்பட்டேன் என்று நினைப்பதும், அதே நினைப்பை ஊர் கூடி ராகம் போட்டுப் பாடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில், கைவிடப்பட்டேன் என்று சொல்லும் அந்த நொடியிலேயே பக்கத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். நகரச் சுவர்களில் ஒட்டப்படும் சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகள் என்னை உறுத்துவதும் இதனால்தான். குணமானவர் மேடையேறிச் சாட்சி சொல்வார். குணமாகாதவர் விசுவாசம் போதவில்லை என்ற கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவார். யோபுவின் நண்பர்கள் ஒலிபெருக்கி வாங்கிவிட்டார்கள் என்று தோன்றும். மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கட்டியவர்களும் ஜெபித்தவர்கள்தான். ஆனால் மருந்து வாங்குவதை அவர்கள் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

கடைசியாக, ஆறுதல் தரும் மதம் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்கிவிடும் என்ற பழைய குற்றச்சாட்டு. மதுரையில் அதற்கு ஆதாரம் வேண்டுமளவு உண்டு. நொபிலியின் வழிவந்த மிஷன், உயர்சாதியாருக்குச் சன்னியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களையே பிரித்து வைத்தது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்புக் காட்டியபோது, உபதேசியார்கள் உட்படப் பலர் சபையை விட்டு நீங்க நேர்ந்தது. வெளிநாட்டார் பந்தி போட்டுக் கட்டாயப்படுத்தியதில் அதிகாரத்தின் வாடை இருந்தது உண்மை. பந்தியில் உட்கார மறுத்தவர்களின் விசுவாசத்தில் சாதியின் வாடை இருந்ததும் உண்மை. இந்த இரண்டு வாடையும் இல்லாமல் அதே பந்தியைத் திரும்பப் போட முயன்றவர், அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனைகளே கிறிஸ்தவ இசை என்றிருந்த இடத்தில், பறையும் கிராமத்து மெட்டும் கொண்டு வழிபாட்டு முறையையே அமைத்தார். துன்பப்படுபவர் தன் சொந்தக் குரலில் முறையிட முடியாத வழிபாடு அவருக்கு வேறு யாருடைய வழிபாடாகவோ தெரிந்தது. அதோடு ஒரே உலையில் எல்லார் அரிசியையும் போட்டுப் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்பதைத் தன் இறையியலின் மையமாக வைத்தார். சபைத் திருவிழாக்களில் காலம்காலமாக நடக்கும் அசனம் இருக்கிறதே, அதை ஆண்டுக்கொரு நாள் விருந்தாக விடாமல் அன்றாட ஒழுங்காக்கும் முயற்சி அது. 2005இல் அவர் காலமானார். மெட்டுகள் பரவிய அளவுக்கு உலை பரவவில்லை. பாட்டை எந்தச் சபையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யார் வீட்டு அரிசி என்று பாராமல் உண்பதற்கு வேறு துணிச்சல் வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக் கிறிஸ்தவரையும் தலித் கிறிஸ்தவரையும் பிரித்து எழுப்பிய சுவர், இறந்தவர்களுக்கிடையில்கூட அந்தத் துணிச்சல் வரவில்லை என்பதைக் காட்டியது. மதம் மயக்க மருந்து என்பவர்களுக்கு அந்தச் சுவரைக் காட்டிப் பேச முழு உரிமை உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை, அப்பாவுவின் பாட்டை ஞாயிறுதோறும் பாடிவிட்டு அவரவர் வீட்டு உலைக்குத் திரும்பும் சபைகளுக்குத்தான் இருக்கிறது.