வேலூர் – ஆம்பூர் தோல் பகுதியில் உரிமை அமைப்புகளும் அவற்றின் நிதியும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டியுள்ள தோல் தொழில் ஊர்களில், 1990களிலிருந்து சில இலாப நோக்கற்ற அமைப்புகள் சுற்றுச்சூழலுக்காகவும் தொழிலாளர் உரிமைக்காகவும் செயல்பட்டு வருகின்றன. இவை தேர்தலில் நிற்பதில்லை. வழக்குத் தொடுப்பது, ஆய்வறிக்கை வெளியிடுவது, பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுசேர்ப்பது, அரசையும் நிறுவனங்களையும் வற்புறுத்துவது ஆகியவை இவற்றின் வேலைகள். தொழிலாளர் பக்கம் நிற்பதாலும் ஆலை உரிமையாளர்களைக் கேள்வி கேட்பதாலும் இவற்றில் பலவற்றுக்கு 'இடதுசாரிச் சாய்வு கொண்டவை' என்ற பெயர் உண்டு. இத்தகைய அமைப்புகள் என்ன செய்தன, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அந்தப் பணத்துக்குச் சட்டம் என்ன எல்லை வகுத்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிலின் பின்னணி

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகியவை இப்பகுதியின் முக்கியத் தோல் ஊர்கள். முன்பு ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 1970களில் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் தந்தது. அதன் பிறகு குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. வேலை விரைவாக முடிந்தது, அந்நியச் செலாவணியும் வந்தது. கழிவுநீர் வயலிலும் ஓடையிலும் பாய்ந்து, கடைசியில் பாலாற்றில் சேர்ந்தது. ஆற்று மணலில் ஊறும் நீரை நம்பியிருந்த கிணறுகள் உப்பேறின. தோல் ஆலையில் கூலி வாங்கியவரும் கிணறு கெட்டுப்போனவரும் பல இடங்களில் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை நினைவில் கொண்டால்தான் பின்னால் வந்த சிக்கல்கள் புரியும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கு

இப்பகுதியிலிருந்து நாடறிந்த அமைப்பு வேலூர் குடிமக்கள் நல மன்றம். இது 1991இல் உச்ச நீதிமன்றத்தில் நேரடியாகப் பொதுநல வழக்குத் தொடுத்தது. தோல் ஆலைகள் சுத்திகரிக்காத கழிவுநீரை வெளியேற்றுவதால் குடிநீரும் விளைநிலமும் கெடுகின்றன என்பது மனுவின் சாரம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இவ்வழக்கில் வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இது பாடமாக உள்ளது.

ஆனால் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கோட்பாட்டைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தக் கோட்பாட்டுக்கு வழிவிட்ட சலிப்பான வேலையைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. இத்தீர்ப்பு வேலூரோடு நிற்காமல் அன்றைய திருச்சி, ஈரோடு, திண்டுக்கல், செங்கை மாவட்டங்களின் தோல் ஆலைகளையும் உள்ளடக்கியது. திண்டுக்கல் பகுதியில் 'பீஸ் மெம்பர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் கிணறு கிணறாகக் கணக்கெடுத்திருந்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக அது கண்டது. அந்த எண் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கும் அதில் உள்ளது. உரிமை அமைப்பின் வேலை எது என்று கேட்டால், கோஷத்துக்கு முன்பு இந்தக் கணக்கெடுப்பைத்தான் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, அதைச் 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதி'யில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 1996 நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையோ தனிச் சுத்திகரிப்பு வசதியையோ அமைக்கும்படி ஆலைகளுக்கும், இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையத்தை நிறுவும்படி மத்திய அரசுக்கும் கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இவ்வழக்குகளுக்கென 'பசுமை அமர்வு' ஒன்றை அமைக்கவும் கேட்டுக்கொண்டது.

வழக்குக்கு யார் செலவு செய்வது?

பொதுநல வழக்கில் வென்றவருக்குப் பணம் கிடைப்பதில்லை. இழப்பீடு பாதிக்கப்பட்டவருக்குப் போகும், அபராதம் அரசு நிதிக்குப் போகும். மனு போட்ட அமைப்புக்கு மிஞ்சுவது ஆவணச் செலவும் டெல்லிப் பயணமும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பும். 1996 தீர்ப்பில் இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எம்.சி. மேத்தாவின் உதவியைப் பாராட்டிய நீதிபதிகள், அவருடைய கட்டணத்துக்கும் கைச்செலவுக்கும் சேர்த்து 50,000 ரூபாயைத் தமிழ்நாடு அரசு தர வேண்டும் என்றனர். ஐந்தாண்டு வழக்குக்கு அது பெரிய தொகையென்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

தீர்ப்போடு செலவும் முடிந்துவிடவில்லை. இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று வழங்கிய தீர்வின்படி, வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்கு 547 ஆலைகள் மொத்தம் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வராது. அதுவும் 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு மட்டுமே. அதற்குப் பின் ஏற்பட்ட சேதத்துக்கும் இழப்பீடு வேண்டும், விடுபட்டவர்களையும் சேர்க்க வேண்டும் என்று மீண்டும் வழக்குகள் எழுந்தன. ஆலை உரிமையாளர்களின் சங்கமும் தன் தரப்பில் நீதிமன்றம் சென்றது. தொழில் சங்கத்துக்கு உறுப்பினர் சந்தா உண்டு. வழக்கு நீளும் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு ஒரு வணிகச் செலவு. கிணறு இழந்தவர்களின் அமைப்புக்கு அதே காலத்தைத் தாங்குவது வேறு கதை.

ஷூ தைக்கும் பெண்களும் ஐரோப்பிய நிதியும்

தொழிலாளர் உரிமைப் பணி வேறு வகையான பணத்தில் நடக்கிறது. ஆம்பூர் இன்று ஏற்றுமதி ஷூக்களுக்குப் பெயர்பெற்ற ஊர். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கின்றனர். இவர்களைத் தவிர, ஷூவின் மேல்பகுதியான 'அப்பர்'களை வீட்டுக்கு வாங்கிவந்து கையால் தைத்துத் தரும் பெண்களும் உள்ளனர். ஏஜெண்ட் கொண்டுவந்து தருவார், தைத்ததும் எடுத்துப்போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் கிடையாது. ஷூ எந்த பிராண்டுக்குப் போகிறது என்பது பெரும்பாலும் தைப்பவருக்குத் தெரியாது. வீட்டுவழி வேலை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'சிவிடெப் இந்தியா' என்ற அமைப்பு இந்தப் பெண்களிடையே பணியாற்றியது. 2016இல் அது பிரிட்டனின் 'ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட்', 'லேபர் பிஹைண்ட் த லேபிள்' ஆகிய அமைப்புகளோடு சேர்ந்து ஆம்பூர்ப் பகுதியில் வீட்டிலிருந்து ஷூ தைப்போரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 'சேஞ்ச் யுவர் ஷூஸ்' என்ற பன்னாட்டுப் பரப்புரைத் திட்டத்திலும் சிவிடெப் பங்கேற்றது. அதில் 15 ஐரோப்பிய அமைப்புகளும் 3 ஆசிய அமைப்புகளும் இருந்தன. நிதி ஐரோப்பிய ஆணையத்திடமிருந்து வந்தது. 2017இல் நெதர்லாந்தின் 'இந்தியா கமிட்டி' கொல்கத்தா, ஆக்ரா, வாணியம்பாடி – ஆம்பூர் ஆகிய மூன்று பகுதிகளின் தோல் தொழிலாளர் நிலை குறித்துத் தனி அறிக்கை தந்தது.

ஐரோப்பியப் பணம் ஏன் இங்கே வருகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆம்பூர் ஷூ விற்கும் கடைகள் அங்கே இருப்பதே முதல் காரணம். வாங்குபவர் கேள்வி கேட்டால் பிராண்டு கேட்கும், பிராண்டு கேட்டால் ஏற்றுமதியாளர் கேட்பார் என்பது இவ்வமைப்புகளின் கணக்கு. இதில் ஒரு பலவீனமும் உண்டு. திட்ட நிதிக்குக் காலக்கெடு உண்டு. அது முடிந்ததும் களப்பணியாளர் போய்விடுவார், தைக்கும் பெண் அதே ஏஜெண்டிடம்தான் இருப்பார். பட்டியல் சாதியினரும் இஸ்லாமியரும் பெருமளவில் வாழும் இப்பகுதியில், வெளியூர் அமைப்பு நம்பிக்கையைப் பெறவே ஓரிரு ஆண்டுகள் ஆகிவிடும்.

உள்ளூரிலேயே ஏன் நிதி திரட்டக் கூடாது? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இதற்கு அனேகமாக உதவாது. 2013 கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களைச் சராசரி இலாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. பள்ளிக் கழிப்பறைக்கும் மருத்துவ முகாமுக்கும் அது தாராளமாகக் கிடைக்கும். தன் கழிவுநீரைச் சோதிக்க வருபவருக்கு எந்த ஆலையும் பணம் தராது. தொழிற்சங்கங்கள் உறுப்பினர் சந்தாவில் நடக்கின்றன. அரசியல் வேலைக்கான நிதியைத் தனியாக வைக்க வேண்டும், அதற்குப் பணம் தரும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1926 தொழிற்சங்கச் சட்டமே வகுத்தது. ஆனால் வீட்டில் தைக்கும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லாதபோது சங்கம் கட்டுவதும் சந்தா வசூலிப்பதும் எளிதல்ல.

வெளிநாட்டு நிதிச் சட்டம்

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. அதன் இடத்தில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அரசியல் கட்சிகளும் வேட்பாளர்களும் வெளிநாட்டு நிதி பெறக் கூடாது. 'அரசியல் தன்மை கொண்ட' அமைப்பு என அரசு அறிவித்தாலும் அதே தடைதான். பொதுக் காரணங்களுக்காக பந்த், சாலை மறியல் போன்றவற்றில் வழக்கமாக ஈடுபடும் அமைப்பையும் 2011 விதிகள் இந்த வகையில் சேர்த்தன. 'இன்சாஃப்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் இவ்விதியைச் சுருக்கியது. கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் போராடுவதை மட்டும் காரணம் காட்டி ஓர் அமைப்பின் நிதியைத் தடுக்க முடியாது என்றது.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் வேறு பக்கத்திலிருந்து இறுக்கியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். பெற்ற பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவது அடியோடு தடைசெய்யப்பட்டது. ஆம்பூர் போன்ற ஊர்களைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது விதிதான் கனமானது. பெருநகர அமைப்பு நிதியைப் பெற்று ஊரில் உள்ள சிறு அமைப்புக்குப் பகிர்வதுதான் பழைய வழக்கம். அந்த வழி அடைபட்டது. ஆய்வு, வழக்கு, பயிற்சி ஆகியவற்றில் பெரும்பங்கு ஆள் சம்பளம்தான் என்பதால், அதில் எவ்வளவு நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்படுகிறது என்பதும் பெரிய கேள்வியாகிறது. வெளிநாட்டு நன்கொடை பெறுவது முழுமையான உரிமையல்ல என்று கூறி, 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றது.

எதிர்வாதங்கள்

வெளிநாட்டுப் பணத்தில் எழுதப்படும் அறிக்கை இந்திய ஏற்றுமதியைக் கெடுத்துப் போட்டி நாடுகளுக்கு உதவுகிறது என்பது தொழில் தரப்பின் குற்றச்சாட்டு. யார் பணம் என்று கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண்பது இப்போது கடினமாகிவிட்டது. காலாண்டுதோறும் பெற்ற நிதியை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகமே நீக்கியது. அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளும் அமைச்சகத் தளத்தில் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டன. அமைப்பு தானாக வெளியிடும் தணிக்கை அறிக்கையைத்தான் வாசகர் இன்று நம்ப வேண்டியுள்ளது.

ஆலை மூடினால் வேலை போகும் என்ற தொழிலாளரின் அச்சம் இதைவிடக் கனமானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மாசுக் கட்டுப்பாடு வேறு, தொழிலாளர் பாதுகாப்பு வேறு என்று பிரிக்கவும் முடியாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. அருகில் உறங்கிய தொழிலாளர்கள் மீது சகதி பாய்ந்து 10 பேர் இறந்தனர்.

2025 தீர்ப்பு

வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. 2001, 2009 ஆகிய ஆண்டுகளின் தீர்வுகளின்படி இழப்பீடு இன்னும் தரப்படாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆறு வாரங்களில் தர வேண்டும், பிறகு அதை ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியைக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. 1991இல் மனு போட்டபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது நிறைந்திருக்கும்.