கீழே ஹீட்டர்... மேலே ஐஸ்!

மே மாசம். மதியம் இரண்டு மணி. காரைக்குடியில் வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ரோட்டோரமாக ஒரு டிரை சைக்கிள். அதில் சாக்குப் போட்டு மூடிய ஐஸ் பார், சொட்டுச் சொட்டாக ரோட்டை நனைத்துக்கொண்டே போகிறது. ஜூஸ் கடைக்கோ, மீன் மார்க்கெட்டுக்கோ போகிற சரக்கு. காலேஜ் விட்டு வரும் வழியில் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருப்பீர்கள். 'ஒரு துண்டு உடைச்சுக் குடுங்கண்ணே' என்று வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டும் இருப்பீர்கள்.

அந்த ஐஸ் பார் செய்யும் அதே மெஷின், அதே உப்புத் தண்ணீர், அதே அம்மோனியா... இதெல்லாம் இருந்தால் ஒரு பல்கலைக்கழக மைதானத்தையே வழுக்கிக்கொண்டு போகும் பனித்தளமாக மாற்றிவிடலாம். ஜோக் இல்லை பாஸ். ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க் என்று ஹாலிவுட் படங்களில் பார்த்து வாயைப் பிளக்கிறோமே, அது வேறொன்றுமில்லை... படுக்கப் போட்ட ஐஸ் கம்பெனி!

சரி, சும்மா ஒரு கற்பனை. அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் நாளைக்கே ஒரு ஐஸ் ரிங்க் கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (கட்டவில்லை, கிளம்பிப் போய் நிற்காதீர்கள்). திறப்பு விழாவுக்கு முன்னால் என்னென்ன வேலை நடக்கும்?

ஒலிம்பிக் அளவு ரிங்க் என்றால் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம்ம ஊர் கணக்கில் 44 சென்ட்டும் கொஞ்சமும். ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டு மனை மாதிரி. முதல் ஆச்சரியம் இங்கேயே ஆரம்பிக்கிறது. ஐஸ் போடப்போகிற தரைக்கு அடியில் முதலில் போடுவது ஹீட்டர்! குளிர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மண்ணில் இருக்கும் ஈரத்தை உறைய வைத்துவிடும். உறைந்தால் தண்ணீர் பருக்கும். பருத்தால் மேலே இருக்கும் கான்க்ரீட் தூக்கிக்கொண்டு விரிசல் விடும். அதனால் மண்ணுக்கு மேலே வெதுவெதுப்பான குழாய்கள், அதற்கு மேலே வெப்பம் கடத்தாத தடுப்புப் பலகைகள், அதற்கு மேலே கான்க்ரீட். அந்தக் கான்க்ரீட்டுக்குள்தான் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்கள் வரிசையாகப் புதைந்திருக்கும். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் மொத்தம் 18 கிலோமீட்டர் குழாய். நீட்டிப் பிடித்தால் கிட்டத்தட்ட தேவகோட்டை போய்ச் சேர்ந்துவிடலாம்.

உப்புநீர் எதற்கு? சாதாரணத் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீர் மைனஸ் பத்திலும் ஜம்மென்று ஓடும். மெஷின் ரூமில் அம்மோனியா இந்த உப்புநீரைக் குளிர்விக்கும். உப்புநீர் கான்க்ரீட்டைக் குளிர்விக்கும். கான்க்ரீட் தன் மேலே விழும் தண்ணீரை உறைய வைக்கும். ஐஸ் கம்பெனியில் இதே உப்புநீர்த் தொட்டிக்குள் தகர டின்களில் தண்ணீர் ஊற்றி இறக்குவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கான்க்ரீட்டை ஒரேயடியாகக் குளிர வைக்கக் கூடாது. அவசரப்பட்டால் வெடிப்பு விட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் இறக்க வேண்டும். திறப்பு விழா தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னால் ஓடவிடும் நம்ம வழக்கம் இங்கே செல்லாது!

இனி தண்ணீர். ஹோஸ் பைப்பைத் திறந்து விட்டு 44 சென்ட்டையும் ரொப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அப்படிச் செய்தால் மேலே ஓடு மாதிரி உறையும், உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், ஸ்கேட் பிளேடு பட்டதும் பொக்கென்று உடையும். அதனால் பன்னீர் தெளிக்கிற மாதிரி மெல்லிய தூவலாக ஒரு அடுக்கு. அது உறைந்ததும் அடுத்தது. ராத்திரி பகல் பார்க்காமல் ஷிஃப்ட் போட்டு ஆட்கள் நடந்து நடந்து தெளிப்பார்கள். இத்தனைக்கும் மொத்த கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் மூன்று சென்டிமீட்டர். கட்டை விரல் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நாலைந்து அடுக்கு ஏறியதும் வெள்ளை பெயின்ட் அடிப்பார்கள். ஐஸ் கண்ணாடி மாதிரி. பெயின்ட் இல்லாவிட்டால் கீழே இருக்கும் சாம்பல் நிற கான்க்ரீட் பல்லிளிக்கும். பிறகு ஐஸ் ஹாக்கிக்கான சிவப்பு, நீலக் கோடுகள். அவற்றுக்கு மேலே மறுபடியும் தெளிவான ஐஸ் அடுக்குகள். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருந்தால் இது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே கண்ணாடி மேல் முதலில் வண்ணத்தை ஊற்றிவிட்டு, கல்லின் உடம்பைப் பின்னால் சேர்ப்பார்கள். இங்கே கண்ணாடியே கடைசியில்தான் வரும்!

மேலே ஊற்றும் தண்ணீரும் சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். ஐஸ் பாரின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு தெரியுமே, அது தண்ணீரில் இருந்த காற்றும் உப்பும் ஒதுங்கிப்போய்க் கடைசியில் மாட்டிக்கொண்ட இடம். ஜூஸில் போட அது பரவாயில்லை. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வளைந்து திரும்பும் தளத்தில் அது ஆபத்து.

கணக்கு போடுவோமா?

இன்ஜினீயரிங், பிசிக்ஸ் பார்ட்டிகள் பேனாவை எடுங்கள். 60 × 30 மீட்டர், 3 சென்டிமீட்டர் கனம். மொத்தம் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நாலரை லோடு. சிவகங்கைச் சீமையில் தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும். ஆனாலும் இது பயந்த அளவுக்கு இல்லை, இல்லையா?

30 டிகிரித் தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உறைய வைத்து, மைனஸ் ஐந்துக்கு இறக்க சுமார் இரண்டரைக் கோடி கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். அதாவது 7,000 யூனிட். நல்ல குளிர்சாதனம் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும். ஆக, மூவாயிரம் யூனிட் கரன்ட் போதும். கீழே இருக்கும் கான்க்ரீட்டைக் குளிர வைக்க ஏறக்குறைய இன்னொரு மடங்கு. ஆறாயிரம் யூனிட்டில் ரிங்க் ரெடி!

அட, இவ்வளவுதானா என்று தோன்றும். சிக்கலே இங்கேதான். ஐஸை உருவாக்குவது பெரிய செலவில்லை, அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு. வெளியே வெயில், உள்ளே விளக்கு, ஆட்கள், காற்று... எல்லாமே அதை உருக்கப் பார்க்கும். கூரை இருக்கிறதே, அது பெரிய வில்லன். சூடான கூரை ஐஸைத் தொடாமலே அதன் மேல் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கூரையின் உள்பக்கத்தில் பளபளப்பான அலுமினியத் தகடு மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். ஈரக்காற்று உள்ளே வந்தால் ரிங்க் முழுக்க மூடுபனி. கூரையில் முத்து முத்தாக நீர் கோத்துக் கீழே சொட்டி ஐஸில் கொப்புளம் கொப்புளமாகப் புடைக்கும். ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின், கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு. நம்ம முன்னோர் வீட்டு நடுவில் முற்றத்தைத் திறந்துவிட்டு, உயரக் கூரை போட்டுக் காற்றோட்டத்தால் குளிர்ச்சி தேடினார்கள். ரிங்க்குக்கு அந்த வித்தை ஒன்றும் உதவாது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கக் கூடாது.

உப்பு தின்ற இரும்பு

இன்னொரு எதிரி சத்தமில்லாமல் வேலை பார்ப்பான். துரு. 2017 அக்டோபர் 17 அன்று கனடாவின் ஃபெர்னி என்ற சின்ன ஊரின் ஐஸ் அரங்கத்தில் அம்மோனியா கசிந்து மூன்று ஊழியர்கள் இறந்துபோனார்கள். காரணம், குளிர்விக்கும் இயந்திரத்தில் ஒரு குழாயில் அரிப்பால் விழுந்த மிகச் சின்ன ஓட்டை. அதன் வழியே அம்மோனியா உப்புநீரில் கலந்தது. வயதான இயந்திரம், மாற்றாமல் தள்ளிப்போடப்பட்டது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர் யாரும் மெஷின் ரூம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ரிங்க்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உப்புநீர் இரும்பைத் தின்னும் கதையை ஆராய்வதற்கென்றே நம்ம காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். உலோக அரிப்பு அவர்களுடைய பெரிய பாடம். ரிங்க் கட்டினால் கன்சல்டன்சிக்கு வெளியூர் போக வேண்டாம், ரோட்டைத் தாண்டினால் போதும்!

மாட்டு டாக்டரும் ஐஸ்காரரும்

மெஷின் வைத்து உறைய வைத்த ரிங்க்கை முதலில் கொண்டுவந்தவர் ஜான் காம்ஜி என்ற ஆங்கிலேயர். தொழில் என்ன தெரியுமா? கால்நடை மருத்துவர்! ஆஸ்திரேலியாவிலிருந்து இறைச்சியைக் கெடாமல் கப்பலில் கொண்டுவர வழி தேடினார். கிடைத்த வித்தையை வைத்து 1876-ல் லண்டனில் 'கிளேசியேரியம்' என்ற ரிங்க்கைத் திறந்துவிட்டார். அதற்கு 34 வருஷம் முன்னால், 1842-ல், நம்ம மெட்ராஸில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் ஐஸை வைக்க மெரினாவில் ஐஸ் ஹவுஸே கட்டிவிட்டார்கள். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

எனக்குப் பிடித்தவர் ஃபிராங்க் ஸாம்போனி. கலிஃபோர்னியாவில் தம்பியோடு சேர்ந்து ஐஸ் பார் கம்பெனி நடத்தியவர். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கையில் மெஷின் இருக்கிறது, என்ன செய்வது? 1940-ல் ஐஸ் ரிங்க் ஆரம்பித்தார்கள். கூட்டம் வந்து ஸ்கேட் செய்து செய்து ஐஸைக் கிழித்துப் போட்டது. அதைச் சுரண்டி, கழுவி, மறுபடி தண்ணீர் விட்டு உறைய வைக்கச் சில ஆட்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே பிடித்தது. பல வருஷம் முட்டி மோதி, 1949-ல் ஒரு வண்டியைச் செய்தார். கீழே கத்தி சீவும், பின்னால் ஈரத்துணி சுடுதண்ணீரைத் தடவிக்கொண்டே போகும். சில நிமிஷத்தில் தளம் புதுசு! ஏன் சுடுதண்ணீர்? மேல் கீறல்களை லேசாக உருக்கி ஒட்ட வைக்கும், அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு. இன்றைக்கும் உலகமெங்கும் அந்த வண்டிக்குப் பேரே ஸாம்போனிதான்.

திறந்தார்கள்... மூடினார்கள்!

இந்தியாவில் கூரைக்குள்ளே ஒலிம்பிக் அளவில் கட்டிய ரிங்க் டேராடூனில் இருக்கிறது. மகாராணா பிரதாப் ஸ்போர்ட்ஸ் காலேஜ் வளாகத்தில். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காகத் தடபுடலாகத் திறந்தார்கள். போட்டி முடிந்தது. கரன்ட் பில், பராமரிப்பு என்று கழுத்தைப் பிடிக்க, ரிங்க் பல வருஷம் மூடிக் கிடந்தது. புதுப்பித்து மறுபடி உயிர் கொடுத்தது 2025-ல்தான். அந்த ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டியும் அங்கே நடந்தது.

நடுவில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது? 2011-ல் பத்து வயதில் ஸ்கேட் கட்டிய பிள்ளைக்கு 2025-ல் 24 வயசு. லடாக் பெண்கள் உறைந்த குளத்தில் ஹாக்கி பழகினார்கள். வருஷத்தில் இரண்டு மாசம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படிப் பழகிய இந்திய அணி 2025 ஜூனில் அரபு எமிரேட்ஸின் அல் ஐன் நகரில் ஆசியக் கோப்பை வெண்கலத்தை வாங்கிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க ஐஸ் இருந்திருந்தால்?

நம்ம பக்கத்துக் கதையும் இருக்கிறது. சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த ரோலர் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் 1,000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் பெண்கள் ரிலே வெண்கல அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். எல்லாம் சக்கரத்தில். அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக்கும் சக்கரத்தில் உலக சாம்பியனாக இருந்தவர்தான். பிளேடுக்கு மாறி, 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார். சக்கரத்திலிருந்து பிளேடுக்கு மாற நம்ம பசங்களுக்குத் தடையாக இருப்பது கால் இல்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே தள்ளியிருக்கும் டேராடூன்.

காரைக்குடியில் கட்டினால் ஓடுமா? என்னைக் கேட்டால், வெயில் ஒரு காரணமே இல்லை. துபாய் பாலைவனத்தில் மால் நடுவே ரிங்க் ஓடுகிறது. மாசாமாசம் கரன்ட் பில் கட்டுகிறவர் யார், கம்ப்ரஸரைக் கவனிக்கிற மெக்கானிக் யார் என்பதைத் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே எழுதி வைத்துவிட்டால் எங்கேயும் ஓடும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உங்கள் ஊர் ஐஸ் கம்பெனிக்குப் போங்கள். ஓனர் அண்ணாச்சியிடம் தொட்டி மேலிருக்கும் மரப்பலகையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கீழே கறுப்பாக ஓடிக்கொண்டிருப்பதுதான் உப்புநீர். கையை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்... மைனஸ் பத்து டிகிரி!