பொம்மைக் கேமராவும் நான்கு நிமிடக் காதலும்

சேடி பென்னிங்குக்குப் பதினைந்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு கேமரா கிடைத்தது. கொடுத்தவர் அப்பா ஜேம்ஸ் பென்னிங், பரிசோதனைப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர். ஆனால் அந்தக் கேமரா குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். ஃபிஷர்-பிரைஸ் பொம்மை நிறுவனம் 1987இல் கடைக்குக் கொண்டுவந்த பிஎக்ஸ்எல்-2000 அது. பாட்டுக் கேட்கிற சாதாரண ஆடியோ கேசட்டிலேயே படத்தையும் பதியும். படத்தைப் பதிய நாடா பலமடங்கு வேகத்தில் ஓட வேண்டியிருந்ததால், 90 நிமிடக் கேசட்டில் சுமார் பதினோரு நிமிடம்தான் பிடிக்க முடியும். வண்ணம் கிடையாது. பிம்பமோ தூசி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். பென்னிங்குக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை.

பிடிக்காத அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் மில்வாக்கி நகரத்து வீட்டில் தன் படுக்கையறைக்குள் போய் உட்கார்ந்தார். முகத்துக்கு மிக அருகில் வைத்தாலும் அது படம்பிடிக்கும் என்பதால் திரை முழுக்க ஒரு கண், ஓர் உதடு, ஒரு விரல். சொல்லக் கூசியதைக் காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தைக் கேமராவுக்கு முன்னால் மெல்ல நகர்த்தினார். பொம்மைகள், பத்திரிகைப் படங்கள், அறையில் ஓடிய பாட்டு எல்லாம் படத்துக்குள் வந்தன. ‘எ நியூ இயர்’, ‘லிவிங் இன்சைட்’, ‘மீ அண்ட் ரூபிஃப்ரூட்’ மூன்றும் 1989இல் பிறந்தவை. பெண்களை விரும்பும் ஒரு சிறுமி அதைத் தன் குரலிலேயே, தன் அறையிலிருந்தே சொன்னாள்.

பதினாறு வயதில் பென்னிங் பள்ளியை விட்டார். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதற்காகச் சக மாணவர்கள் காட்டிய வெறுப்பே முக்கியக் காரணம். இத்தனைக்கும் பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம், மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின். அது 1982இல். சட்டம் வகுப்பறைக்குள் நுழையப் பல ஆண்டுகள் பிடித்தன. அதே மாநிலத்தின் ஆஷ்லண்ட் ஊரில் ஜேமி நபோஸ்னி என்ற மாணவர் பள்ளியில் தொடர்ந்து அடிபட்டார். அவர் தொடுத்த வழக்கில்தான், இப்படிப்பட்ட மாணவரைக் காக்கத் தவறும் பள்ளி நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று 1996இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதைப் பற்றிய படங்களில் பென்னிங்கின் இந்தச் சிறு படங்களையே நான் முதலில் வைப்பேன். இவற்றில் யாரும் வந்து ஏற்றுக்கொள்வதில்லை. அம்மா அழுது கட்டிக்கொள்ளும் காட்சி கிடையாது, தோழன் தோளில் கைபோடும் காட்சியும் கிடையாது. ஊர் மாறும் என்று காத்திராமல் ஒரு பதின்வயதுப் பிள்ளை தன்னை நேராகப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் யாருக்காக இப்படங்கள் மிகவும் தேவைப்பட்டனவோ, அந்தப் பிள்ளைகளுக்கு அவை எட்டவில்லை. அருங்காட்சியகங்களிலும் விழாக்களிலும் ஓடின. 1993 விட்னி பைனியல் கலைக் கண்காட்சியிலும் இடம்பெற்றன. அடுத்த மாவட்டத்தில் தனியாக அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரிந்திருக்கும்?

அப்படிப்பட்ட பிள்ளைகளை எட்டியது இன்னொரு படம். பெக்கி ராஜ்ஸ்கி இயக்கிய ‘ட்ரெவர்’ (1994), டயானா ராஸின் பாட்டில் மயங்கிக் கிடக்கும் பதின்மூன்று வயதுப் பையனின் கதை. தான் யார் என்பது வெளிப்பட்டதும் நண்பர்கள் விலகுகிறார்கள், பையன் உயிரை விடவும் துணிகிறான், பிழைக்கிறான். 1995இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. 1998இல் ஹெச்பிஓ ஒளிபரப்பவிருந்தபோது, இதைப் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ட்ரெவரின் நிலையில் இருப்பார்கள், அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று படத்தை உருவாக்கியவர்களுக்குக் கவலை வந்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘ட்ரெவர் பிராஜக்ட்’ உதவித் தொலைபேசி. ஒரு குறும்படத்திலிருந்து கிளைத்த அந்த அமைப்பு இன்றுவரை பிள்ளைகளின் அழைப்புகளை எடுக்கிறது.

2017க்கு வருவோம். ஃபுளோரிடாவின் ரிங்லிங் கலைக் கல்லூரியில் எஸ்டெபான் பிராவோ, பெத் டேவிட் என்ற இரு மாணவர்கள் இறுதியாண்டுப் படமாக ‘இன் எ ஹார்ட்பீட்’ என்ற அனிமேஷன் குறும்படத்தைச் செய்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் இடையிலான கதையாகத் தொடங்கி, இரு பையன்களின் கதையாக மாறியபோதுதான் அது அவர்களுக்குச் சொந்தக் கதையானது. இசைக்காகவும் ஒலிக்காகவும் பொதுமக்களிடம் கேட்டது 3,000 டாலர், வந்தது 14,000 டாலருக்கும் மேல். ஷெர்வின் என்ற பையனின் நெஞ்சிலிருந்து இதயம் துள்ளிக் குதித்து, அவன் ஒளிக்க ஒளிக்க, அவனுக்குப் பிடித்த ஜோனதனைத் துரத்தி ஓடுகிறது. நான்கு நிமிடம், ஒரு வசனம் கிடையாது. ஜூலை 31 அன்று யூடியூபில் ஏற்றினார்கள், சில நாட்களில் பார்வைகள் ஒரு கோடியைத் தாண்டின. வசனமே இல்லாததால் சப்டைட்டிலும் தேவைப்படவில்லை. திருநெல்வேலியில் போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்த பிள்ளைக்கும் முழுசாகப் புரிந்திருக்கும்.

படம் எட்டும் தூரம் இப்படி மாறிவிட்டது. பயம் மாறவில்லை. ஷெர்வினின் இதயம் இரண்டாக உடைவது பள்ளி நடைபாதையில், மற்ற பிள்ளைகள் முறைத்துப் பார்க்கும் அந்த நொடியில். பென்னிங் விட்டு ஓடியதும் அப்படி ஒரு நடைபாதையைத்தான். 2022இல் இதே ஃபுளோரிடா, மூன்றாம் வகுப்பு வரை பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு தடை மேல்வகுப்புகளுக்கும் நீண்டது. இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஜோனதன் மற்றப் பாதி இதயத்தோடு திரும்பி வருவதால்தான் ஷெர்வின் தேறுகிறான். வராமல் போயிருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் பென்னிங்கின் மங்கலான பதினோரு நிமிடக் கேசட்டுகளில்தான் இருக்கிறது. இன்று குறும்படம் எடுக்க நினைக்கும் பிள்ளைகள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கமும் நிறைய நகர்ந்திருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கத்தியைத் தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் தலைமேலிருந்து எடுத்தது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் போய் விளங்கிக்கொண்டு வந்தார். பிறகு, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். சென்னையில் ‘ரீல் டிசையர்ஸ்’ என்று பால்புதுமையர் படங்களுக்கெனவே விழா எடுத்திருக்கிறார்கள்.

கேமராவும் கைக்கு வந்துவிட்டது. ஆவடியில் பதினாறு வயதுப் பெண் வைத்திருக்கும் மலிவு போன்கூட அந்த பிஎக்ஸ்எல்-2000ஐ எங்கோ விட்டுவிடும். பென்னிங்குக்கு இருந்து அவளுக்கு இல்லாதது சாத்திக்கொள்ள ஒரு கதவு. ஹாலில் பாட்டிக்கும் தம்பிக்கும் நடுவில் படுக்கிறாள். போனின் பாஸ்வேர்டு அண்ணனுக்குத் தெரியும், கேலரியை அம்மா எப்போது வேண்டுமானாலும் திறப்பாள். முகம் காட்டாமல், கையையும் குரலையும் மட்டும் வைத்து எடுக்கலாம், உண்மைதான். ஆனால் குரலைப் பதியவும் யாரும் இல்லாத அரைமணி நேரம் வேண்டுமே. குறும்படப் போட்டி நடத்தும் பள்ளிகளும், விஸ்காம் துறை வைத்திருக்கும் கல்லூரிகளும் பரிசுக் கோப்பையோடு இதையும் யோசிக்கட்டும்: உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பத்திரமாக வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க், என்ன எடுத்தாய் என்று கேட்காத ஓர் ஆசிரியர்.